சேனை வைத்தவள்

ஓர் ஊரின் மூக்கைப் படமாக வரைந்தால் எப்படி இருக்கும் என்று முத்தரசிக்கு அதுவரை தெரியாது. அப்படியொரு படத்தை அதற்கு முன் யாரும் வரைந்ததில்லை.

திரை முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். கயத்தாற்றுக்குத் தெற்கே காற்றாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேரின் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுத்தாயிற்று. அதில் இருந்த நுண்ணுயிர்களின் மரபணுவைப் படித்தாயிற்று. எது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கணினி கோடு போட்டுக் காட்டியது.

மூக்குக்குள் எப்போதும் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. பெரும்பாலும் சாதுவான கூட்டம். முத்தத்தில், தும்மலில், ஒரே துண்டில் முகம் துடைப்பதில் அது ஆள் விட்டு ஆள் போகும். ஆகவே கோடுகள் வீட்டுக்கு வீடு கொத்தாக இருக்கும் என்று முத்தரசி எதிர்பார்த்தாள்.

அப்படி இல்லை. குழந்தைகளிடமிருந்து கிளம்பிய கோடுகள் அம்மாவை விட்டு, அப்பாவை விட்டு, தெருவைத் தாண்டிப் போய் யார் யாரோ பெரியவர்களிடம் நின்றன. ஒரு பெண்ணிடம் மட்டும் விசிறி மடிப்புகள் போல ஏராளமான கோடுகள் போய்ச் சேர்ந்தன.

“மாதிரியெல்லாம் மாறிப் போயிருக்கு சார்” என்றாள் முத்தரசி.

எபனேசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். இந்த ஆய்வின் தலைவர் அவர். கோபம் வந்தால் குரல் தணியும். “எந்தப் புண்ணியவான்மா பேரெழுதி ஒட்டினது?”

“நான்தான் சார்.”

“அப்ப மாறியிருக்காது. போய்க் கேட்டுட்டு வா.”

இன்னும் சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் மூக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட இருந்தது. நிமோனியாவை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான மருந்து. அந்தக் கிருமி உடம்பின் மேல் ஒரு சட்டை போட்டிருக்கும். இரத்தத்தில் இறங்கினாலும் யார் கையிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்கான சட்டை. அந்தச் சட்டையில் நூறு தினுசு உண்டு. புதிய மருந்து நூறையும் மூக்குக்கு அடையாளம் காட்டிவிடும். மூக்கு தானாகவே அதை வெளியேற்றிவிடும். பிள்ளைகள் மூச்சுத் திணறிச் சாகும் நோய் ஒன்று அத்தோடு ஒழிந்தது.

எபனேசரின் கவலை வேறு. “ஒரு வீட்டைக் காலி பண்ணுறோம். அந்த இடத்துல யாரு குடி வருவா? பக்கத்து வீட்டுக்காரங்க என்ன ஆவாங்க? அதைப் பாக்கத்தான் நமக்குச் சம்பளம்” என்பார். அதற்காகத்தான் மருந்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம்.

*

குடியிருப்பில் எந்நேரமும் காற்று. காற்றாலை இறக்கைகளின் நிழல் சுவர்களின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. முத்தரசி தட்டிய கதவைத் திறந்தது பேச்சியம்மாள். அவள் தம்பி கொம்பையா காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவன். தம்பி வீடும் அக்காள் வீடும் ஒரே சுவர்; முத்தரசி தட்டியது தம்பி வீட்டுக் கதவை. அவன் மனைவி செண்பகவல்லி உள்ளே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

முத்தரசி தயங்கித் தயங்கிக் கேட்டாள். புது ஆட்களிடம் பேசுவது அவளுக்கு எப்போதுமே பாடு. “உங்க பையன் பிறந்தப்ப, தாய்ப்பால் கொடுக்கும் முன்னாடி, வேற ஏதாவது வாயில வச்சீங்களாம்மா?”

“சேச்சே. இந்தக் காலத்துல யாரு அப்படிச் செய்வா?” என்றாள் பேச்சியம்மாள்.

மாதிரி எடுத்தபோதும் எல்லா வீட்டிலும் இதே பதில்தான் வந்தது. செண்பகம் கீரைக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். “மதினி, இவுக நர்ஸம்மா இல்ல. ஏச மாட்டாக. சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்ல? சேனை வச்சதையா?”

“சேனைன்னா?” முத்தரசிக்குச் சொந்த ஊர் தருமபுரி. அவள் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் கேட்டதில்லை.

“அதைத்தான் கேட்டியா? நீ ‘வேற ஏதாவது’ன்னுல்ல கேட்ட! வேற ஏதாவதுன்னா டப்பாப் பாலு, கழுதைப் பாலு. சேனை எப்படி வேற ஏதாவது ஆகும்?” பேச்சியம்மாளுக்கு உண்மையாகவே புரியவில்லை. “பிள்ளை பெறந்ததும் நல்ல குணமான ஆளாப் பாத்து, சீனித் தண்ணியை விரல்ல தொட்டு நாக்குல வைக்கச் சொல்லுவோம். வச்சவுக குணம் பிள்ளைக்கு ஒட்டும்.”

“உங்க பையனுக்கு யாரு வச்சாங்க?”

“செல்லத்தாய் டீச்சர். இங்க பாதிப் பிள்ளைகளுக்கு அவுகதான். இம்புட்டு வருசத்துல ஒருத்தரையும் சத்தம் போட்டதில்லை அவுக.”

முத்தரசிக்கு விசிறி மடிப்புகள் ஞாபகம் வந்தன. “குணம் ஒட்டிச்சா?”

“எங்க ஒட்டிச்சு! எம்பிள்ளை கத்துத கத்து காத்தாடியத் தாண்டிக் கேக்குது. டீச்சர் அன்னைக்குக் கையைச் சரியாக் கழுவிட்டாகளோ என்னவோ.”

முத்தரசி அங்கேயே தரையில் உட்கார்ந்து கைக்கணினியைத் திறந்தாள். சேனை வைத்தவர்களின் பெயரை ஒவ்வொரு வீடாகப் பேச்சியம்மாளிடம் கேட்டுக் கேட்டுப் படத்தில் பொருத்தினாள். பேச்சியம்மாளுக்கு எல்லா வீட்டுக் கதையும் தெரியும். கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அர்த்தமாயின. எந்த மாதிரியும் மாறவில்லை. பிறந்து அரைமணி நேரம்கூட ஆகாத ஒரு நாக்கில் பட்ட விரல், அந்த மூக்குக்குள் முதல் குடியை ஏற்றியிருந்தது. முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டது. அம்மாவும் அப்பாவும் அதற்குப் பிறகுதான். இரத்த உறவுக்கு அடியில் இன்னொரு உறவு, யாரும் பார்க்காமல், ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கூச்சம் அப்போதுதான் அவளை விட்டுப் போனது. போயிருக்க வேண்டாம்.

“இதுல நான் எங்கக்கா இருக்கேன்?” என்று செண்பகம் குனிந்து கேட்டாள்.

“இதோ. உங்க ஊரு வேறங்கிறதால உங்களுக்குச் சேனை வச்சவங்க இந்தப் படத்துல இல்லை. ஆனா பாருங்க, ஒண்ணு மட்டும் இங்கேருந்து வந்திருக்கு.” முத்தரசி கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். கோடு குடியிருப்பைத் தாண்டி ஓரத்தில் தனியாக இருந்த ஒரு புள்ளியில் நின்றது. “இது ஆஸ்பத்திரியில சேமிச்சு வச்ச மாதிரி. ஒரு குழந்தையோடது. ஒரு கிருமி ஒருத்தர் உடம்புல இருக்கிறப்ப அதோட எழுத்துல சின்னதா மாற்றம் வரும். இந்தக் குழந்தை உடம்புல வந்த மாற்றம் உலகத்துல வேற எங்கேயும் இல்லை. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அதனால அந்தக் குழந்தைகிட்ட இருந்து உங்களுக்கு...”

பேச்சியம்மாள் முத்தரசியின் முழங்கையை அழுத்தினாள். முத்தரசி நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில், சின்ன விளக்கு எரிய, மாலை போட்ட ஒரு படம், சின்னப் பெண் ஒருத்தியுடையது. இரட்டைச் சடை. முன்பல் ஒன்று இல்லை.

“திருநெல்வேலி ஆஸ்பத்திரியா?” என்றாள் செண்பகம்.

முத்தரசி கைக்கணினியை மூடினாள்.

“போன வருசத்துக்கு முந்தின ஆடி மாசம்?”

முத்தரசி தலையை மட்டும் அசைத்தாள்.

செண்பகம் கீரை ஒட்டியிருந்த கையை மெதுவாகத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு குஞ்சுப் பறவையை உள்ளங்கையில் மூடுவதுபோல. “தாரிகா” என்றாள்.

*

மருந்து கொடுத்த நாளில் சமுதாயக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஊரே வரிசையில் நின்று வானத்தைப் பார்த்தது. பக்கத்துக்கு ஒரு சொட்டு. செண்பகம் வரவில்லை.

“படத்தைக் காட்டலாம். ஆளைக் காட்டலாமாம்மா?” என்றார் எபனேசர். குரல் மிகவும் தணிந்திருந்தது. “அந்த மூத்த பிள்ளை இரத்தத்துல இருந்த கிருமி முதல் தினுசுச் சட்டை. இருக்கிறதுலேயே பொல்லாதது. பிறக்கப் போற குழந்தைக்கு ஒன்றரை மாசம் ஆனாத்தான் சொட்டு போட முடியும். அதுவரைக்கும் அது அம்மா முகத்துக்குக் கீழதான் தூங்கும். ஊர்ல எல்லாரும் சுத்தம், பெத்தவளைத் தவிர. என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டாம். முத்தரசி அன்று முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் செண்பகமும் மற்றவர்களைப் போலத் தலையை அண்ணாந்து சொட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

கூடத்தின் வாசலில் கொம்பையா நின்றான். கோபுரத்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான். இடுப்பில் பாதுகாப்பு வார் அப்படியே இருந்தது. அவனும் சொட்டு வாங்கியிருந்தான்.

“ஒண்ணு கேக்கணும்மா. என் மூக்குலயும் அவ இருந்தாளா?”

“இல்லண்ணே. உங்களுக்கு அது வரல.”

அவன் வாரின் கொக்கியைத் திறந்து மூடினான். “ஆஸ்பத்திரியில ஒருத்தரைத்தான் உள்ள விட்டாக. நான் வெளிய நின்னேன்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “செண்பகத்தை வையாதீக. நான் பேசிப் பாத்துட்டேன். அழவும் மாட்டேங்கா, சண்டையும் போட மாட்டேங்கா. சும்மா மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.”

முத்தரசி அவர்கள் வீட்டுக்குத் தனியாகத்தான் போனாள். செண்பகம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முத்தரசிக்குத் தண்ணீர் கொண்டுவர எழப் பார்த்தாள். முத்தரசி வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் அதை உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது.”

“சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் செண்பகம். கோபமாக இல்லை. “அவ சட்டையெல்லாம் மதினி யாருக்கோ கொடுத்துட்டாக. செருப்பு ஒண்ணு இருந்துச்சு, அதையும் காணோம். போட்டோவுல இருக்கா. போட்டோ மூச்சு விடுமா?”

“அவளைக் கொன்னது அதுதான், செண்பகம்.”

“தெரியும்க்கா. நான் என்ன கிறுக்கா? அவளுக்குள்ள இருந்து கடைசியா வந்ததும் அதுதானே. ஏதோ எழுத்து மாறிச்சுன்னு சொன்னீகளே. அவ எழுதினது. ஒண்ணாங்கிளாஸ்கூட போகல. அவ எழுதினது உலகத்துலயே அது ஒண்ணுதான்.”

வெளியே இறக்கை நிழல் ஒன்று சன்னலைக் கடந்து போனது. முத்தரசி கவனமாகச் சொற்களைத் தேடினாள். “அதை நாங்க எடுத்துப் பத்திரமா வச்சிருக்கோம். ஐஸ் பெட்டியில. எத்தனை வருசம் ஆனாலும் கெடாது.”

செண்பகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஐஸ் பெட்டியில வச்சு ஒருக்க பாத்தாச்சுக்கா.”

சமாதானம் சொல்ல வந்தவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செண்பகம்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லுங்க. இது பெரியவுக மூக்குல எத்தனை நாள் தங்கும்?”

“ரெண்டு மூணு வாரம். மிஞ்சிப் போனா ஒரு மாசம்.”

“பின்ன எங்கிட்ட மட்டும் இத்தனை நாளா ஏன் இருக்கு?”

அது நல்ல கேள்வி. எபனேசரும் கேட்கவில்லை, முத்தரசியும் கேட்டுக்கொள்ளவில்லை. “தெரியலை” என்றாள்.

“படிச்சவுகளுக்கே தெரியலை.” செண்பகம் வயிற்றின் மேல் கையை வைத்தாள். உள்ளே ஏதோ அசைந்திருக்க வேண்டும். கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறியது. “இவனுக்கு நெசமாவே ஆபத்தா? என்னையப் பயங்காட்டச் சொல்லுதீகளா?”

“நெசமாவே.”

செண்பகம் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. முத்தரசி எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கூடத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது செண்பகம் தானாகவே வந்தாள். தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். “போடுங்க” என்றாள். இரண்டு சொட்டும் விழுந்த பிறகு செண்பகம் கண்ணை மூடி, முடிந்தமட்டும் மூச்சை விடாமல் இருந்தாள். முகம் சிவந்தது. பிறகு விட்டாள்.

*

மருந்து சொன்னதைச் செய்தது. இரண்டாம் சுற்று மாதிரிகளில் சட்டை போட்ட கிருமி ஒருவரிடமும் இல்லை.

எபனேசர் பயந்ததும் நடந்தது. காலியான இடத்தில், சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் வேறொரு கிருமி பல மூக்குகளில் பரவ ஆரம்பித்தது. இரண்டு குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. பேச்சியம்மாளுக்கு மூக்குத்தி போட்ட இடத்தில் பெரிய கட்டி. “இருந்ததை விரட்டிட்டு வில்லங்கத்தைக் குடி வச்சிருக்கீகளே” என்று வீங்கிய மூக்கோடு அவள் முத்தரசியைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

செண்பகத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று காலையில் கொம்பையா தொலைபேசியில் சொன்னான். அதே காலையில்தான் செண்பகத்தின் இரண்டாம் மாதிரியும் படித்து முடிந்தது. முத்தரசி திரையைப் பார்த்தாள். ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள்.

அது போகவில்லை. தாரிகாவின் புள்ளியிலிருந்து வந்த அதே கிருமி, அதே எழுத்து மாற்றத்தோடு, செண்பகத்தின் மூக்கில் இருந்தது. முன்பைவிட அதிகமாக இருந்தது.

“தாயையும் பிள்ளையையும் உடனே பிரிச்சு வைக்கச் சொல்லு. மூக்குக்குக் களிம்பு கொடுத்து அழிச்சிருவோம். குழந்தையை யாரும் இன்னும் கொஞ்சலையே?” எபனேசர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

“ஒரு நிமிஷம் சார்.”

பகிர்வைக் காட்டும் படத்துக்கு, எத்தனை எழுத்து மாறியது என்று தெரிந்தால் போதும். எங்கே மாறியது என்று பார்க்க வேண்டியதில்லை. ஆகவே முத்தரசி பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். பழைய ஆஸ்பத்திரி மாதிரிகளில் தாரிகாவின் இரத்தத்தில் எடுத்ததையும் மூக்கில் எடுத்ததையும் அருகருகே வைத்தாள்.

இரத்தத்தில் இருந்ததற்குச் சட்டை இருந்தது. மூக்கில் இருந்ததற்கு இல்லை. செண்பகத்திடம் இருந்ததற்கும் இல்லை.

சட்டை தைக்கும் மரபணுவின் நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிட்டிருந்தது. அந்த ஆடி மாதத்தில், அந்தக் கட்டிலில், கீழே நெஞ்சுக்குள் ஒரு கூட்டம் குழந்தையைக் கொன்றுகொண்டிருந்தபோது, மேலே மூக்கில் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறது. சட்டை இல்லாதது இரத்தத்தில் இறங்கினால் அந்த நொடியே செத்துவிடும். அதனால் யாரையும் கொல்ல முடியாது. ஆனால் வழுக்காது. பிடித்தால் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். செண்பகம் கேட்டதற்குப் பதில் அதுதான்.

மருந்து சட்டையைத்தான் அடையாளம் காட்டும். சட்டையே இல்லாத ஒன்றை அது எப்படிக் காட்டும்?

முத்தரசி இன்னொன்றையும் பார்த்தாள். ஊரெல்லாம் பரவிய சீழ்க்கிருமி செண்பகத்தின் மூக்கில் இல்லை. வர இடம் இல்லை. வீட்டில் ஆள் இருந்தது.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். படிப்பில் இதையெல்லாம் தனித்தனியாகப் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஓர் எழுத்தைத் தவறவிட்டு, ஒரு தாயின் மூச்சுப் பாதையில் பிடித்துக்கொண்டு, யாரையும் எதுவும் செய்யாமல் இவ்வளவு காலம் காத்திருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எழுதவில்லை. காத்திருந்தது என்று சொல்வது தப்பு. அதற்குக் காத்திருக்கத் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வேறு சொல் கிடைக்கவில்லை.

எபனேசர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்று படித்தார். வெகுநேரம் படித்தார்.

“சட்டையைத் திரும்பப் போட்டுக்காதா? இந்தக் கிருமிங்க பக்கத்துல இருக்கிறதுகிட்ட மரபணுவைக் கடன் வாங்கிக்குமே.”

“சட்டை இருக்கிறதுகிட்ட வாங்கணும் சார். இப்ப அந்த ஊர்ல யாருகிட்டயும் சட்டை இல்லை. நாமதான் எடுத்துட்டோம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றினார். “வெளியூர்லேருந்து யாராவது போட்டுக்கிட்டு வந்தா?”

“வரலாம். அதனாலதான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போற?”

“எல்லாத்தையும். களிம்பு வேணுமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்.”

“சரி. வேண்டாம்னா குழந்தையைத் தினமும் பாக்கணும். நீதான் பாக்கணும்.”

*

ஆஸ்பத்திரி அறையில் செண்பகம் மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபோதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். கொம்பையா கால்மாட்டில் நின்றான். சன்னலோரம் பேச்சியம்மாள் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை மூடிவைத்துக்கொண்டு தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தாள். “டீச்சர், எந்த பஸ்ல வாரீக? பிள்ளை பால் குடிச்சே முடிச்சிட்டான். சேனை வைக்க வேண்டாமா?”

முன்பென்றால் அந்த டம்ளர் முந்தானைக்குள் இருக்கும். முதலில் தாய்ப்பால், பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில்தான் சீனி என்று எபனேசர் ஊரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்.

“இன்னும் மோந்துகூடப் பாக்கலக்கா” என்றாள் செண்பகம், துண்டுக்குள்ளிருந்து. “சொட்டு போட்டாச்சுதான். ஆனாலும் பயமா இருக்கு. ஏதாவது மிச்சம் இருந்தா?”

முத்தரசி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். சொல்லட்டுமா?”

செண்பகம் கொம்பையாவைப் பார்த்தாள். பிறகு முத்தரசியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

முத்தரசி சொன்னாள். சட்டையைப் பற்றி, விழுந்த எழுத்தைப் பற்றி, மருந்து ஏன் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பற்றி. அழகாகச் சொல்ல முயலவில்லை. வேண்டாமென்றால் களிம்பு இருக்கிறது, ஒரே வாரத்தில் போய்விடும் என்பதையும் சொன்னாள். பேச்சியம்மாள் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“போகலையா?” என்றான் கொம்பையா.

“போகலை.”

“இவனை ஒண்ணும் செய்யாதா?” செண்பகம் கேட்டாள்.

“செய்யாதுன்னு நினைக்கிறோம். இவன் மூக்குலயும் குடி வந்துச்சுன்னா, கெட்டது எதையும் உள்ள விடாதுன்னும் தோணுது. ஆனா முழுசாத் தெரியாது. உலகத்துல இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததில்லை. தினமும் நான் வந்து பாப்பேன்.”

செண்பகம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். குனிந்து, குழந்தையின் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். எடுத்த மூச்சை அங்கேயே விட்டாள்.

பிறகு கையை நீட்டி மதினியிடமிருந்து டம்ளரை வாங்கினாள். சுட்டுவிரலைத் தன் மூக்கோடும் உதட்டோடும் சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். தடுக்க வேண்டும் என்று முத்தரசியின் கை ஒரு சாண் உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது. செண்பகம் விரலைச் சீனித் தண்ணீரில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தாள்.

“ஏட்டி!” என்று பதறினாள் பேச்சியம்மாள். “பெத்தவளே சேனை வைப்பாளா? எங்கயாச்சும் உண்டா இப்படி?”

“நான் வைக்கல மதினி” என்றாள் செண்பகம்.

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொம்பையா கட்டிலைச் சுற்றி வந்து, மனைவியின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோய், அவள் மூச்சு படும் தூரத்தில் நின்றான்.

குழந்தை நாக்கைச் சுழற்றிப் பார்த்தது. பிறகு இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது.